மாடியில் வைத்த தீனியும் மருந்து தின்ற எலியும்

கேள்வி: அண்ணா, தினமும் காலையில் மொட்டைமாடியில் மீந்த சோறு, பிரட், மிக்சர், சில நாள் ஏத்தங்காய் சிப்ஸ் நொறுக்கினது எல்லாம் வைப்பேன். காக்கா, மைனா, புறா என்று ஒரு கூட்டமே வரும். இப்போது ஒரு புறா மட்டும் தீனியைக் கொத்துகிறது, விழுங்க முடியாமல் வெளியே தள்ளுகிறது. வாய்க்குள் மஞ்சளாக ஏதோ கட்டி தெரிகிறது. நான் போட்ட தீனிதான் காரணமா?
– வாசகி, வடசேரி, நாகர்கோவில்

பதில்: தங்கச்சி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது டிரைக்கோமோனஸ் என்கிற ஒட்டுண்ணியால் வரும் தொண்டை நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புறாக்களிடம் ரொம்ப நாளாக இருக்கிற நோய்தான், உங்கள் தீனியிலிருந்து அது பிறக்கவில்லை. ஆனால் பரவுவதற்கு உங்கள் மாடி வழி செய்து கொடுக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நோயுள்ள புறா எச்சில்பட்ட தானியத்தைத் துப்பிவிட்டுப் போகும், அடுத்த புறா வந்து அதையே எடுக்கும், எல்லாம் ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கும். இங்கிலாந்தில் 2005-லிருந்து இதே நோய் கிரீன்ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவிகளிடம் பரவி அவற்றின் எண்ணிக்கை பெருமளவு சரிந்தது. வீட்டுத் தோட்டங்களில் மக்கள் ஆசையாக வைத்த தீனித்தட்டுகளும் அது பரவிய இடங்களில் சேர்த்தி.

இரண்டு வாரம் தீனியும் தண்ணீரும் வைக்காதீர்கள், கூட்டம் கலையட்டும். கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி நல்ல வெயிலில் காய வையுங்கள். இந்த ஒட்டுண்ணிக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். அந்தப் புறாவைப் பிடிக்க முடிந்தால் துணியால் மூடிப் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்து இருக்கிறது. மனிதர்களுக்கு இது தொற்றுவதில்லை என்றாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மாடியில் எச்சம் கூட்டும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், காய்ந்த புறா எச்சத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அப்புறம் அந்த மிக்சரும் சிப்ஸும் வேண்டவே வேண்டாம். உப்பும் எண்ணெயும் அந்தச் சின்ன உடம்புக்கு மிக அதிகம். 2019-ல் அமெரிக்காவில் காக்கைக் குஞ்சுகளை ஆராய்ந்தபோது, ஊர் நெரிசல் கூடக்கூட அவற்றின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடியிருந்தது. கிராமத்துக் குஞ்சுகளின் கூட்டுக்குப் பக்கத்தில் சீஸ்பர்கர் வைத்துப் பார்த்தார்கள், அவற்றுக்கும் ஏறிவிட்டது. அதனால்தான் காக்கை செத்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, பார்க்கவும் குஞ்சுகள் நல்ல வாட்டசாட்டமாகவே இருந்தன. எனக்கு அதுதான் கவலை. ஊருக்குள் இருக்கிற பறவை கொழுகொழுவென்று இருக்கிறதே, அதற்கென்ன குறை என்று நாம் நினைத்துவிடுகிறோம். வயிறு நிறைவது வேறு, உடம்பு நன்றாக இருப்பது வேறு. இரண்டு வாரம் கழித்து மறுபடி வைக்க மனசிருந்தால் ஒரு கைப்பிடி கம்போ குருணையோ, பறவைகள் அரைமணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் போடுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று சின்னக் கிண்ணங்களில் பிரித்து வைத்து தினமும் மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவிளக்கை எல்.இ.டி.யாக மாற்றியதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கே குண்டுகரிச்சான் பாட ஆரம்பிக்கிறது. இதனால் அதற்குக் கெடுதல் உண்டா?
– வாசகர், தேரூர்

பதில்: உண்டு. பறவையின் உடம்பில் தூக்கம், இனப்பெருக்கம் எல்லாமே இருட்டின் நீளத்தைப் பார்த்து நடக்கிறது. ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக் கரும்பறவைகளை இரவில் மிக மங்கலான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்னாலேயே வளர்ந்துவிட்டன. குஞ்சு பொரிக்கிற நேரமும் பூச்சி பெருகுகிற நேரமும் ஒத்துப்போகாவிட்டால் குஞ்சுக்கு எதைக் கொடுக்கும்? உங்கள் ஊர்க் குளம் சுசீந்திரம் குளத்தோடு சேர்ந்து 2022-ல் ராம்சார் என்கிற, உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில் ஏறியது, அதனால் கரையோர வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்பதற்குக் கூடுதல் நியாயம் இருக்கிறது. விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டாம், ரோட்டுக்கு வெளிச்சம் வேண்டும். மேலேயும் குளத்துப் பக்கமும் அடிக்காமல் கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி போடுங்கள், வெள்ளைக்குப் பதில் மஞ்சள் வெளிச்சம் தாருங்கள் என்று நாலு பேர் கையெழுத்தோடு மனு கொடுங்கள்.

கேள்வி: கடைக்குப் பின்னால் ஒரு கூகை செத்துக் கிடந்தது. காயமே இல்லை. எலிக்கு மருந்து வைத்திருந்தேன், சம்பந்தம் இருக்குமா?
– வியாபாரி, கோட்டாறு

பதில்: இருக்கலாம், உறுதியாகச் சொல்ல உடலை அறுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் செய்கிற கட்டி மருந்துகள் எலியை உடனே கொல்வதில்லை, சில நாள் ஆகும். அந்தச் சில நாளும் அது தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும், கூகைக்கு அதைவிட சுலபமான இரை கிடைக்குமா? மருந்து அதன் உடம்பில் சேர்ந்து, உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்துப்போகும். ஒரு கூகைக் குடும்பம் தின்கிற எலி கொஞ்சநஞ்சமில்லை, அதைக் கொன்றால் நட்டம் உங்களுக்குத்தான். எலிப்பொறி வையுங்கள், சாக்கு மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள், ஓட்டைகளைக் கம்பிவலையும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். மிச்சம் இருக்கிற மருந்தைக் குப்பையில் வீசாமல், விற்ற கடையில் திரும்ப வாங்குவார்களா என்று கேளுங்கள்.