ஐடி கவர்னன்ஸைக் குழு விளையாட்டாக நடத்துவது: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், ஐடி கவர்னன்ஸுக்கான வழிகாட்டிச் சட்டகமான கோபிட் 2019-இன் 40 நோக்கங்களையும் ஸ்லைடு போட்டு நடத்திவிட்டேன். மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள், புரிந்த மாதிரி தெரியவில்லை. விளையாட்டு உதவுமா?

பதில்: உதவும். அந்த 40-இல் 5 மட்டுமே ஆளுகைக்கு, அதாவது கவர்னன்ஸுக்கு, உரியவை, மீதி 35 நிர்வாகத்துக்கு. ஸ்லைடில் இதைக் காட்டினால் தலையாட்டுவார்கள். ஆட்டத்திலோ, இயக்குநர் குழுவாக உட்கார்ந்தவர்கள் எந்த சர்வர் வாங்கலாம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அது அவர்கள் வேலையே இல்லை. மதிப்பிடுவது, திசை காட்டுவது, கண்காணிப்பது: 2008-இல் வந்த ஐடி ஆளுகைத் தரநிலையான ஐஎஸ்ஓ 38500 அவர்களுக்குக் கொடுத்த வேலை இவைதான். எல்லை மீறும்போது அவர்களே பிடிபடுவார்கள். அப்போதுதான் மண்டையில் ஏறும்.

கேள்வி: எப்படி அமைப்பது? மென்பொருள் ஏதாவது வேண்டுமா?

பதில்: வேண்டாம், அட்டைகள் போதும். எம்ஐடியில் 1960-களில் பிறந்த பீர் கேம் என்ற சப்ளை செயின் விளையாட்டையே பலகையும் வில்லைகளும் வைத்துத்தான் ஆடினார்கள். ஒரு கற்பனை நிறுவனம், பத்துப் பேர்: இயக்குநர்கள், நிதி, விற்பனை, ஐடி, தணிக்கை. கையில் 100 புள்ளி பட்ஜெட். கேட்டு நிற்கும் திட்டங்களின் மதிப்பு 160. இந்தப் பற்றாக்குறைதான் ஆட்டத்தின் உயிர், தயவுசெய்து தாராளம் காட்டாதீர்கள்.

இரண்டாம் சுற்றில் ஓர் அட்டையைத் திருப்பிக் காட்டுவேன்: ‘பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் சர்வர்களைப் பூட்டிவிட்டது.’ அறையே அடங்கிப்போகும். பிறகு எல்லோரும் ஐடி தலைவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் முதல் சுற்றில் கேட்ட பேக்கப் திட்டத்தை வெட்டியிருப்பார்கள். “வெட்டியது யார்?” என்று கேட்பேன். பதில் வராது. விற்பனை சொன்னார், நிதி மறுக்கவில்லை, இயக்குநர்கள் பேசாமல் இருந்தார்கள். யார் செய்வது, யார் பொறுப்பேற்றுப் பதில் சொல்வது, யாரைக் கலந்து பேசுவது, யாருக்குத் தெரிவிப்பது என்ற ராசி (RACI) அட்டவணையின் வெற்றுத்தாளை அந்த நிமிடத்தில்தான் நீட்ட வேண்டும். ஆட்டத்துக்கு முன்பே கொடுத்தால் அது நிரப்ப வேண்டிய இன்னொரு படிவம், அவ்வளவுதான்.

கேள்வி: ஜெயித்த குழுவுக்கு மதிப்பெண் தரலாமா?

பதில்: கூடாது. புள்ளிக்காக ஆடத் தொடங்கிவிடுவார்கள். ஏன் அந்த முடிவை எடுத்தோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் போடுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 90 நிமிடம்தான் கிடைக்கும். மேலதிகாரியும் ஆடுவார்.

பதில்: இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். ஆட்டத்துக்குப் பிந்தைய உரையாடலுக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள், அதில் கை வைக்காதீர்கள். மேலதிகாரிக்குத் தலைவர் வேடம் கொடுத்தால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அவரை ஹெல்ப்டெஸ்க்கில் உட்கார வையுங்கள். மேலே எடுக்காமல் விட்ட முடிவுகளெல்லாம் புகாராக வந்து விழுவது அங்கேதான்.