தடைக்கு நடுவிலும் ஓடிய எரிவாயு

கேள்வி: 2017இல் கத்தாருடன் உறவை முறித்துக்கொண்ட ஐக்கிய அரபு அமீரகம், அதே கத்தாரிடம் எரிவாயு வாங்குவதை மட்டும் ஏன் நிறுத்தவில்லை?

பதில்: நிறுத்தியிருந்தால் முதலில் தடுமாறியிருப்பது அமீரகத்தின் மின்நிலையங்கள்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் அப்போது பெரும்பாலும் எரிவாயுவையே நம்பியிருந்தன. கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து அபுதாபியின் தவீலாவுக்குக் கடலடியில் சுமார் 364 கி.மீ. நீளும் டால்ஃபின் குழாய், நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கோடி கனஅடி எரிவாயு தந்துவந்தது. அதை ஈடுகட்டத் திரவ எரிவாயுவைக் கப்பலில் வரவழைத்திருந்தால் செலவு பல மடங்கு ஏறியிருக்கும்.

கத்தாரும் வால்வை மூடவில்லை. ஒப்பந்தப்படி நிறுத்த வழி இருந்தும் அண்டை மக்களைத் தண்டிக்க மாட்டோம் என்றது. இதில் கணக்கும் உண்டு என்பேன்: நம்பகமான விற்பனையாளர் என்ற பெயர் போனால் ஆசிய வாடிக்கையாளர்களும் தயங்குவார்கள்.

தடையை விலக்க, அதை விதித்த சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து கத்தாரிடம் வைத்த 13 கோரிக்கைகளில், கத்தாரின் அல் ஜசீரா தொலைக்காட்சியை மூடுவதும் அங்குள்ள துருக்கியின் ராணுவத் தளத்தை அகற்றுவதும் முக்கியமானவை. 2021 ஜனவரி 5இல் சவுதியின் அல்-உலாவில் சமரசம் ஏற்பட்டபோது இரண்டுமே நடந்திருக்கவில்லை.