குழந்தைகளை வேலைக்கு வைத்துச் செய்த பொருளை வாங்காமல் விட்டால் குழந்தைத் தொழில் நின்றுவிடுமா?

நிற்காது. வாங்காமல் இருப்பது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் வாங்காமல் விட்ட மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போகும் என்று யாராவது கேட்க வேண்டும் இல்லையா.

நான் சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் காட்டுக் கிராமத்துக்காரி. என் அக்கா பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள் (எங்கள் ஊரில் ஃபேக்டரி என்று சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான்). 1989ஆம் வருஷம். மானாவாரி நிலம், இரண்டு வருஷமாக விளைச்சல் இல்லை, கடைக்காரரிடம் கடன் ஏறிக்கிடந்தது. ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து அம்மா கையில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார், மறுநாளிலிருந்து அக்கா வண்டி ஏறினாள். விடிகாலை நாலு மணிக்கு ஊர் மந்தையில் ஹாரன் கேட்கும். தூங்குகிறவளை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போய் ஏற்றிவிட்டு, கஞ்சித் தூக்குவாளியை அவள் மடியில் வைத்துவிட்டு வருவாள் அம்மா. வீடு திரும்ப இருட்டிவிடும்.

வேலை, கட்டை அடுக்குவது. வரிசையாகப் பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சியை ஒவ்வொன்றாகப் பதித்து, சட்டத்தின் மேல் சட்டமாக அடுக்கி இறுக்கிக் கொடுத்தால் அப்படியே கொண்டுபோய் மருந்தில் முக்குவார்கள். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சின்ன விரல்தான் வேகமாக ஓடும் என்று பெரியவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்றைக்கும் அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வரும். பத்து வயதுப் பிள்ளை கூலி கூட்டிக் கேட்காது, சங்கத்தில் சேராது, அதற்காகத்தான் வைத்தார்கள்.

அக்காவுக்கு எண்ணத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் கணக்குப்பிள்ளை சீட்டு எழுதிக் கொடுப்பார். ஒருநாள் அவள் பன்னிரண்டு கட்டை போட்டிருக்கிறாள், சீட்டில் பத்து என்று இருந்தது. இரண்டாம் வகுப்பில் இருந்த நான்தான் அதை வாசித்துச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் கட்டைக்கு ஒரு புளியங்கொட்டை என்று பாவாடை நுனியில் முடிந்துகொண்டு வருவாள், நான் சீட்டை வாசிக்க அவள் கொட்டைகளைத் தரையில் வைத்துச் சரிபார்ப்பாள். குறைந்தாலும் போய்க் கேட்க ஆள் கிடையாது. அவள் கூலியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், இதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத முடியாது.

இதில் முக்கியமானது என்னவென்றால், அப்போதே சட்டம் இருந்தது. 1986ஆம் வருஷக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வைக்கக் கூடாது என்றுதான் சொன்னது. சோதனைக்கு ஆள் வருகிறது என்றால் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளையை வைத்திருந்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு ஏதாவது ஒரு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் நிதியில் போட வேண்டும், அந்த நிதியின் வருமானம் பிள்ளையின் படிப்புக்குப் போக வேண்டும். குடும்பத்துக்கு என்ன வழி என்று கேட்ட தீர்ப்பு என்பதால் எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதன்படி வேலை கிடைத்த ஒருவரையும் எங்கள் ஊரில் நான் பார்க்கவில்லை.

நடந்தது வேறு. ஆபீசில் பிள்ளைகளை எடுப்பது குறைந்தது, வேலை வீட்டுக்கு வந்தது. நான் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வந்து பசைச் சட்டியும் தாளுமாக உட்கார்ந்து பெட்டி ஒட்டுவேன், ஒரு குரோஸ் முடித்தால்தான், அதாவது 144, புத்தகத்தைத் தொட முடியும். இதை யாரும் வேலை என்று சொல்லவில்லை, அம்மாவுக்குக் கை கொடுக்கிறாள் என்றார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி 14 வயதுக்குள் எந்த வேலையும் கூடாது என்றார்கள், நல்லதுதான். ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள். அந்த வாசல் எவ்வளவு பெரியது என்று பெட்டி ஒட்டிய எனக்குத் தெரியும்.

சரி, வாங்காமல் விடுவதற்கு வருவோம். வங்கதேசத்தில் இதைச் செய்து பார்த்தாயிற்று. குழந்தைகள் செய்த பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகக்கூட ஆகவில்லை, அதற்குள் பயந்துபோன ஆயத்த ஆடை முதலாளிகள் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பினார்கள், கிட்டத்தட்ட 50,000 பேர் என்று ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் எழுதியது. அவர்களைத் தேடிப் போனபோது பலர் கல் உடைக்கும் வேலையில் இருந்தார்கள், சிலர் அதைவிட மோசமான இடங்களில். அப்புறம்தான் 1995இல் முதலாளிகள் சங்கம், யுனிசெஃப், ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) மூன்றும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு, இருக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மாதம் 300 டாக்கா உதவித்தொகை என்று ஏற்பாடு செய்தார்கள். அந்த வரிசை மாறியிருந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

உலகத்தில் குழந்தைத் தொழிலாளர் கணக்கு குறைந்துதான் வந்திருக்கிறது. 2000இல் 24.6 கோடி, 2024இல் 13.8 கோடி, அதில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலையில். பாதிக்கு மேல் விவசாயத்தில் இருக்கிறார்கள், அங்கே பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தோடு, சம்பளமில்லாமல். எந்தக் கடையில் எதை வாங்காமல் விட்டு அந்தப் பிள்ளையை மீட்பீர்கள்?

எங்கள் ஊரில் மாறியது ஒரே நாளில் இல்லை. மதியச் சோறு முன்பே இருந்தது, அது மட்டும் அக்காவைத் தடுக்கவில்லை. இயந்திரம் வந்து கட்டை அடுக்கும் வேலையே குறைந்தது, மகளிர் குழுக் கடன் வந்தது, 100 நாள் வேலையில் அம்மாக்களின் பெயரில் கூலி வந்தது. அட்வான்சோடு வந்த ஏஜெண்டைத் திருப்பி அனுப்பும் தைரியம் அதற்கப்புறம்தான் வந்தது.

பிள்ளை வேலை செய்வதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். கூப்பிட்டதோடு விடாமல், பள்ளியில் சேர்த்தார்களா, பாக்கிக் கூலி வந்ததா என்று ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

அக்கா இன்றும் தீப்பெட்டி ஆபீசில்தான் இருக்கிறாள், பேக்கிங் பகுதியில். அவள் மகள் விருதுநகரில் காலேஜ் படிக்கிறாள், ஃபீஸ் கட்டுவது அந்தக் கூலியில். நீங்கள் தீப்பெட்டி வாங்காமல் விட்டால் முதலில் நிற்பது அந்தக் கூலிதான்.