மிச்சம் வைக்க வேண்டிய ஐந்து சென்டிமீட்டர்

கேள்வி: புதிதாக செயின் சா வாங்கியிருக்கிறேன். அரை மீட்டர் குறுக்களவுள்ள மரத்தை ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டு போனேன். பாதி தாண்டியதும் மரம் பின்பக்கம் உட்கார்ந்து பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டைக் கவ்விக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: இழுத்தீர்களே, அதுதான் பெரிய தவறு. பாதி அறுபட்ட மரம் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. இன்ஜினை அணைத்துவிட்டு, ஆப்பு அடித்து வெட்டை விரித்தால்தான் பார் வரும். பிளாஸ்டிக் ஆப்பாகப் பாருங்கள். இரும்பில் செயின் பட்டால் பல் போய்விடும். அடுத்த முறை பார் நுழைய இடம் கிடைத்ததுமே பின்னால் ஆப்பைச் செருகிவிடுங்கள்.

சரி, வெட்டுக்கு வருவோம். மரம் விழ வேண்டிய பக்கம் முதலில் வாய் எடுக்க வேண்டும். மேலிருந்து சரிவாக ஒன்று, கீழே கிடையாக ஒன்று. இரண்டும் ஒரே கோட்டில் சந்தித்து நிற்க வேண்டும். உங்கள் மரத்துக்கு 10 முதல் 12 செ.மீ. ஆழம் போதும். வாயை 70 டிகிரி அளவுக்கு அகலமாகத் திறந்து வையுங்கள். குறுகலாக இருந்தால், மரம் பாதி சாய்வதற்குள் வாய் மூடிக்கொண்டு கீல் முறிந்துவிடும்.

கீல் என்று நான் சொல்வது, பின்னாலிருந்து அறுத்து வரும்போது வாயை எட்டுமுன் வெட்டாமல் விடும் கட்டையை. உங்கள் மரத்துக்கு 5 செ.மீ. கனம், இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு. கதவைப் போல மரத்தைத் திருப்பிக் கீழே இறக்குவது அதுதான். ஆரம்ப காலத்தில் ஒருமுறை, மரம் அசையவில்லையே என்று பொறுமையிழந்து கீலின் வலது ஓரத்தை அறுத்துவிட்டேன். இடது ஓரம் பிடித்து இழுக்க, மரம் அந்தப் பக்கம் திரும்பி, என் பெட்ரோல் கேன் மேல் விழுந்தது. கேனுக்குப் பக்கத்தில்தான் ஐந்து நிமிடம் முன்பு உட்கார்ந்திருந்தேன். ஆப்பைத் தட்டியிருந்தால் போதும்.

அப்புறம், செயின் வாளைக் கிளப்புமுன் தப்பி ஓடும் வழியைச் சுத்தம் செய்து வையுங்கள். நேர் பின்னால் வேண்டாம், அடிமரம் அங்கேதான் உதைக்கும். பின்பக்கம் 45 டிகிரியில், இடமும் வலமுமாக. மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் நிற்கட்டும். முன்னால் அதிகம் சாய்ந்த மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பாதியில் நெடுக்காகப் பிளந்து மேலே எகிறும். அனுபவசாலிக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: கிளை கழிக்கும்போது வாள் திடீரென்று முகத்தை நோக்கி எகிறியது. இயந்திரக் கோளாறா?

பதில்: இல்லை. பாரின் நுனியில் மேல்பாதி எதன் மீது பட்டாலும் அப்படித்தான் எகிறும். மறைந்திருக்கும் இன்னொரு கிளை போதும். இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றியே இருக்கட்டும், தோளுக்கு மேல் வாளைத் தூக்காதீர்கள். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் கிளப்பியதும் பாருங்கள்.