குளிரும் குணமும் பார்த்துச் சேருங்கள்

கோல்ட்ஃபிஷ் இரண்டு இருக்கும் தொட்டியில் கப்பி மீன்களைப் போட்டேன். ஹீட்டர் இல்லை. கப்பிகள் மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. சண்டையா? (நுவரெலியா)

சண்டை இல்லை, குளிர். செட்டையை மடித்துக்கொண்டு, நகராமல் நின்ற இடத்திலேயே உடம்பை நெளிக்கிறதா பாருங்கள். கப்பி குளிரில் தவிப்பது அப்படித்தான் தெரியும். அதற்கு 22 பாகையாவது வேண்டும். உங்கள் ஊரின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். கோல்ட்ஃபிஷ் அந்தக் குளிரில் சுகமாக இருக்கும், ஆனால் வளர்ந்ததும் வாயில் அடங்கும் மீனை விழுங்கிவிடும். இரண்டையும் பிரித்து விடுங்கள். கப்பிக்குத் தனித் தொட்டியும் ஹீட்டரும் வேண்டும். 60 லீற்றருக்கு 50 வாட் போதும் என்பார்கள். நுவரெலியா இரவில் அது திணறும், 100 வாட் வாங்குங்கள். ஹீட்டரே வேண்டாம் என்றால் வைட் கிளவுட் மின்னோ வளர்க்கலாம். சீனத்து மலை ஓடை மீன், 18 பாகையிலும் துள்ளித் திரியும். அதையும் கோல்ட்ஃபிஷோடு போட்டுவிடாதீர்கள்.

ஃபைட்டர் மீனோடு டைகர் பார்ப் சேருமா? (ஹட்டன்)

சேரவே சேராது. டைகர் பார்ப் நீண்ட செட்டையைக் கண்டால் கடிக்கும். ஃபைட்டரின் வால் நார் நாராகிவிடும். பார்ப் இனத்தில்தான் ஆசை என்றால், ஃபைட்டர் இல்லாத தொட்டியில் செர்ரி பார்ப் வளர்த்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த மீன், நம் நாட்டு மீனும்கூட. இலங்கையின் ஈர வலய ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அதற்குப் பிறப்பிடம் கிடையாது. செடி நிழலில் இரண்டு ஆண் மீன்கள் நேருக்கு நேர் வந்தால் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிச் சிவக்கும். பார்க்கப் போர் போல இருக்கும், பெரும்பாலும் ஒரு கீறல்கூட விழாது. ஆறேழாக வாங்குங்கள், பெண் மீன்கள் கூடுதலாக இருக்கட்டும். 24, 25 பாகைக்கு ஹீட்டர் வைத்து, அடியில் நைஸ் மணல் போட்டால் கோரிடோராஸ் கெளுத்தி ஆறும் கூடவே வாழும். ஒன்று மட்டும்: ஓடையில் பிடித்ததா, தொட்டியில் பொரித்ததா என்று கடையில் கேளுங்கள். ஓடையில் பிடித்தது என்றால் வாங்க வேண்டாம்.

ஏஞ்சல் மீனும் நியோன் டெட்ராவும் சேருமா? (பண்டாரவளை)

ஏஞ்சல் குஞ்சாக இருக்கும்வரை சரி. வளர்ந்தபின் அதன் வாய்க்குள் நியோன் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

டேங்க் கிளீனர் மீன் பெரிதாகிவிட்டது. ஆற்றில் விடலாமா? (பதுளை)

தயவுசெய்து விடாதீர்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும் தென் அமெரிக்க மீன். இப்படி விடப்பட்டே நம் நீர்நிலைகள் பலவற்றில் பெருகிவிட்டது. வாங்கிய கடையிலேயே திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.