தனியாரில் காசநோய் சிகிச்சை: உதவித்தொகை வர அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டுமா?

மாற வேண்டியதில்லை. உங்கள் அப்பா பண்ருட்டியில் இப்போது பார்க்கும் தனியார் மருத்துவரிடமே தொடரலாம். நிக்‌ஷய் போஷன் (காசநோயாளிகளின் சத்துணவுக்கு அரசு தரும் உதவித்தொகை) பணம் தனியார் நோயாளிகளுக்கும் உண்டு. 2024 நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாய் 1000 ஆகிவிட்டது.

இரண்டு மாதமாகியும் வரவில்லை என்றால், பெரும்பாலும் மருத்துவமனை அவர் பெயரை நிக்‌ஷய் தளத்தில் (அரசின் காசநோயாளிகள் பதிவுத் தளம்) ஏற்றியிருக்காது. காசநோயாளி விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதலே தனியாருக்கும் கட்டாயம். அதற்கு மருத்துவருக்கும் 500 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு, ஆகவே கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

1. வரவேற்பில் இல்லை, மருத்துவரிடமே "நிக்‌ஷய் எண் என்ன?" என்று கேளுங்கள்.
2. எண் இல்லையா? மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டு, சளிப் பரிசோதனை முடிவு, ஆதார், பாஸ்புக்கோடு கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரையும் அங்கே இலவசம்தான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.
3. எண் இருந்தும் பணம் இல்லையென்றால் வங்கிக் கணக்கைப் பாருங்கள். என் மாமாவுக்கு அதில்தான் சிக்கியது: பழைய, ஓடாத கணக்கைக் கொடுத்திருந்தார்.

1800-11-6666 என்ற அரசின் காசநோய் உதவி இலவச எண்ணிலும் கேட்கலாம்.

ஒன்று மட்டும்: இந்த அலைச்சலில் மாத்திரை ஒரு நாளும் நிற்கக் கூடாது. இருமல் குறைந்துவிட்டது என்று அவரே நிறுத்தினாலும் விடாதீர்கள்.