விறகடுப்பில் புகைக்குழாயை உறுதியாகப் பொருத்துவது: கேள்வி பதில்

இரும்பு விறகடுப்பு வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். அடுப்பிலிருந்து புகை வெளியேறும் வட்ட விளிம்பைக் கழுத்து என்கிறேன். அங்கிருந்து சுவர் அல்லது கூரை வரை அறைக்குள் போவது புகைக்குழாய். அதற்கு அப்பால் வீட்டைக் கடந்து வெளியே போவது புகைபோக்கி. அது வேறு பொருள், அதற்கு விதிகளும் வேறு.

கேள்வி: குழாயைக் கழுத்தில் நன்றாக இறுக்கிச் செருகியிருக்கிறேன். ஆட்டிப் பார்த்தாலும் அசையவில்லை. இதற்கு மேல் ஸ்க்ரூ வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். அடுப்பு ஆறிக் கிடக்கும்போது இருக்கும் இறுக்கத்தை நம்ப முடியாது. எஃகு சூடானால் நீளும், ஆறினால் சுருங்கும். 2 மீட்டர் குழாய் 250 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். ஒவ்வொரு முறை தீ மூட்டும்போதும் இணைப்பு கொஞ்சம் நகர்கிறது என்று அர்த்தம். இன்று இறுக்கமாக இருப்பது ஒரு குளிர்காலம் போனதும் தளர்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விறகுப் புகையிலிருந்து குழாயின் உள்சுவரில் கிரியோசோட் என்ற தார் படியும். அது என்றாவது தீப்பிடித்தால் உள்ளே வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டலாம். குழாய் உறுமும், அதிரும். வெறுமனே செருகி வைத்த இணைப்பு அப்போதுதான் கழன்றுகொள்ளும், நெருப்பு நேராக அறைக்குள் வரும். சாதாரண நாளை நினைத்து இணைப்பு போடாதீர்கள், அந்த மோசமான நாளை நினைத்துப் போடுங்கள்.

ஒவ்வொரு இணைப்புக்கும் 3 ஸ்க்ரூ, வட்டத்தில் சம இடைவெளியில். அரை அங்குல நீளமுள்ள தகர ஸ்க்ரூ போதும். மேலே இருக்கும் இணைப்புகளுக்கெல்லாம் ஸ்க்ரூ போட்டுவிட்டு, கழுத்தும் குழாயும் சேரும் இடத்தை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். மொத்தக் குழாயும் நிற்பதே அந்த இடத்தில்தான்.

கேள்வி: சார், என் அடுப்பின் கழுத்து வார்ப்பிரும்பு. அதில் துளையே இல்லை. துளைத்தால் விரிசல் விடுமோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் விளக்கு வெளிச்சத்தில் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். பல அடுப்புகளில் துளை இருக்கும், பெயின்ட் அடைத்து மறைத்திருக்கும். நிஜமாகவே இல்லையென்றால் கையேட்டைப் பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் துளைக்காமல் பிடிக்கும் கிளாம்ப் அல்லது அடாப்டர் கொடுப்பார்கள். அது இருந்தால் வேலை சுலபம்.

துளைத்தே ஆக வேண்டுமென்றால் பயப்பட வேண்டாம், நிதானம் போதும். வார்ப்பிரும்பு விரிசல் விடுவது துளையால் அல்ல, அடியால். அதனால் பஞ்ச் வைத்து ஓங்கி அடிக்காதீர்கள், லேசாகத் தட்டி ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். கூர்மையான கோபால்ட் பிட், மெதுவான வேகம். முதலில் 3 மில்லிமீட்டர் துளை, அப்புறம் தேவையான அளவு. எண்ணெய் விட வேண்டியதில்லை, வார்ப்பிரும்பில் இருக்கும் கிராஃபைட்டே அந்த வேலையைச் செய்யும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தானே துளைத்துக்கொண்டு போகும் ஸ்க்ரூவை நேராக வார்ப்பிரும்பில் ஏற்றப் பார்க்காதீர்கள், முனை மழுங்கும் அல்லது தலை ஒடியும். துளையில் மரை வெட்டி, சின்ன எஃகு போல்ட் போடுவதையே நான் விரும்புவேன். அடுத்த வருடம் கழற்றும்போது அதன் அருமை தெரியும்.

கேள்வி: குழாயின் ஒரு முனை நெளிநெளியாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. அது மேலே வர வேண்டுமா, கீழேயா? மேலே இருந்தால்தான் புகை கசியாது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார்.

கீழே, அடுப்பைப் பார்த்து. உங்கள் நண்பர் சொல்வது கேட்கச் சரிபோலத் தோன்றும், ஆனால் அவர் புகையை மட்டும் நினைக்கிறார். புகைபோக்கி ஒழுங்காக இழுக்கும்போது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் அறையின் அழுத்தத்தைவிடக் குறைவு. இணைப்பில் சின்ன இடுக்கு இருந்தால் அறைக்காற்று உள்ளே போகுமே தவிர, புகை வெளியே வராது.

வெளியே வரக்கூடியது திரவம். குளிர்ந்த குழாயில் ஈரமும் தாரும் சேர்ந்து கீழ்நோக்கி வழியும். சுருங்கிய முனை கீழ்க்குழாய்க்குள் இறங்கியிருந்தால், புட்டியில் புனல் வைத்ததுபோல எல்லாம் உள்ளேயே வழிந்து அடுப்புக்குப் போய் எரிந்துவிடும். தலைகீழாகப் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் கருந்தார் வெளியே கசிந்து, சூடான குழாய்மேல் வழிந்து நாறும். கழுத்திலும் இதே கதைதான், குழாய் கழுத்துக்குள் இறங்க வேண்டும். உங்கள் குழாய் கழுத்துக்கு வெளியே உட்காருகிற அளவில் இருந்தால் அதற்கான அடாப்டர் வாங்குங்கள். படுக்கையாகப் போகும் துண்டில், தகட்டின் இரு ஓரமும் சேரும் நீளவாக்குத் தையல் மேல்பக்கம் வரட்டும்.

கேள்வி: கழுத்துக்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிகிறது. சிலிகான் பூசவா, அலுமினியம் டேப் சுற்றவா?

இரண்டும் வேண்டாம். டேப்பின் பசை வெந்து உரிந்துவிடும். வெப்பம் தாங்கும் சிவப்பு சிலிகான்கூடச் சுமார் 300 டிகிரி வரைதான், கழுத்துப் பக்கம் அதைத் தாண்டுவது சாதாரணம். இந்த இடத்துக்கு அடுப்பு சிமென்ட் என்றே விற்கிறார்கள், அதை மெலிதாகப் பூசினால் போதும். ஆனால் சிமென்ட் அடைக்கும், பிடிக்காது. சிமென்ட் பூசியாயிற்று, ஸ்க்ரூ எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். விரல் நுழைகிற இடைவெளி என்றால் பூசி மறைக்கக் கூடாது, குழாயின் அளவே தவறு.

கேள்வி: வீட்டில் காற்றோட்டத்துக்கு வாங்கிய துத்தநாகப் பூச்சுக் குழாய் மிச்சம் இருக்கிறது. அதையே போடலாமா?

கூடாது. துத்தநாகப் பூச்சு 200 டிகிரியைத் தாண்டினால் கெடத் தொடங்கும், 420 டிகிரி வாக்கில் உருகும். அதிகச் சூட்டில் எழும் ஆவியைச் சுவாசித்தால் காய்ச்சல் போல உடம்பு முறியும். தவிர, காற்றுக்குழாய்த் தகரம் மெலிசு. 6 அங்குலப் புகைக்குழாய்க்கு 24 கேஜ், அதாவது சுமார் 0.6 மில்லிமீட்டர் கருப்பு எஃகாவது வேண்டும்.

கேள்வி: ஸ்க்ரூவுக்குப் பதில் ரிவெட் அடித்தால்?

எஃகு ரிவெட் பிடிக்கும். அலுமினியம் ரிவெட் 660 டிகிரியில் உருகிவிடும், அதனால் வேண்டவே வேண்டாம். எஃகு ரிவெட்டிலும் ஒரு சங்கடம்: சுத்தம் செய்யக் கழற்றும்போதெல்லாம் துளைத்து எடுக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, அடுப்பு ஒரு மூலையில், புகைபோக்கி இன்னொரு பக்கம். குழாயை வளைத்துக் கொண்டுபோக வேண்டும். சுவருக்கு எவ்வளவு தள்ளி?

ஒற்றைச் சுவர்க் குழாய், அதாவது ஒரே தகடால் ஆன குழாய் என்றால் தீப்பிடிக்கக்கூடிய எதிலிருந்தும் 45 செ.மீ. இரட்டைச் சுவர்க் குழாய்க்குப் பெரும்பாலும் 15 செ.மீ., ஆனால் அதன் லேபிளில் இருக்கும் அளவுதான் செல்லும். மேலே பலகையோ பூச்சோ இருந்து உள்ளே மரச்சட்டம் நிற்கும் சுவரும் எரியக்கூடிய சுவர்தான், வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

90 டிகிரி எல்போ, அதாவது வளைவுத் துண்டு, இரண்டுக்கு மேல் வேண்டாம். இடமிருந்தால் 90-க்குப் பதில் இரண்டு 45 போடுங்கள், புகை சுலபமாகத் திரும்பும். படுக்கைத் துண்டைக் குறைத்து, புகைபோக்கியை நோக்கி மீட்டருக்கு 2 செ.மீ. ஏற்றம் கொடுங்கள். எந்த இடத்திலும் குழாய் கழுத்தைவிடக் குறுகக் கூடாது. ஒற்றைச் சுவர்க் குழாயைச் சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ நுழைக்கவே கூடாது. அங்கிருந்து காப்பிட்ட புகைபோக்கி தொடங்க வேண்டும்.

கேள்வி: தீ மூட்டியதும் இணைப்புகளில் புகை வருகிறது. பிறகு நின்றுவிடுகிறது. ஸ்க்ரூ சரியில்லையா?

ஸ்க்ரூமேல் குற்றமில்லை. புகைபோக்கி குளிர்ந்திருப்பதால் இன்னும் இழுக்கத் தொடங்கவில்லை. காகிதத்தை மேல்பக்கம் வைத்து முதலில் அதை எரியுங்கள், சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். ஆனால் அடுப்பு சூடான பிறகும் கசிந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது. உச்சியில் உள்ள மூடியின் வலை தார் படிந்து அடைபடுவது அடிக்கடி நடக்கும். அடைப்பு நீங்கும்வரை அடுப்பை மூட்டாதீர்கள். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். விறகடுப்பு இருக்கும் வீட்டில் அதற்கான அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

புதுக் குழாயில் முதல் ஓரிரு முறை வருவது பெயின்ட் வேகும் வாடை. அதற்குச் சன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

கேள்வி: எல்லாவற்றையும் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டால் சுத்தம் செய்ய எப்படிக் கழற்றுவது? அடுப்பையே நகர்த்த வேண்டுமா?

அதற்குத்தான் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் துண்டு விற்கிறார்கள். நேராக மேலே போகும் குழாயில் அதை ஒன்று வைத்துவிட்டால், ஸ்க்ரூவைக் கழற்றி மேலே தள்ளினாலே கழுத்து விடுபடும். நான் முன்னே சொன்ன அந்த 6 மில்லிமீட்டர் நீட்சியையும் அதுவே வாங்கிக்கொள்ளும். அதனால் நழுவும் அந்த ஓரிடத்தில் மட்டும் ஸ்க்ரூ எத்தனை, எங்கே என்று தயாரிப்பாளர் சொன்னபடியே செய்யுங்கள். மற்ற இணைப்புகளுக்கு 3 தான்.

கழற்றும் நாளில் குழாயைக் கையால் அழுத்திப் பாருங்கள், எல்போக்களின் வெளிவளைவை முக்கியமாக. அழுத்தினால் உள்வாங்குகிற துண்டையும், ஸ்க்ரூ துளை துருப்பிடித்து அகன்றுபோன துண்டையும் திரும்பப் பொருத்தாதீர்கள், புதிதாக வாங்கிப் போடுங்கள்.